ஹவுளில் விட்ட மீன்

போன மாதம் சாகாமத்து வயலில் இருந்து வந்த என் மகன், உரப்பைக்குள் ஒரு மீனைப் போட்டுக்கொண்டு வந்தான். முற்றத்தில் பையைக் கவிழ்த்துக் கொட்டினான். கையளவு நீளம், உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி, முதுகில் விரித்த குடைச் சீலை மாதிரி ஒரு செட்டை, மேலெல்லாம் ஓடு.

"உம்மா, இதுதான் டேங்க் கிளீனர். எங்கயோ தென்னமெரிக்கா ஆத்து மீனாம். கண்ணாடித் தொட்டியில வளத்தவனுகள் கொண்டு போய்க் குளத்தில விட்டிருக்கானுகள். இப்ப வலை போட்டா இதுதான் ஏறுது. முள்ளு வலையைக் கிழிக்கிது. திங்கவும் ஏலா, விக்கவும் ஏலா" என்றான்.

நான் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். பயந்துவிட்டேன் என்று நினைத்து, "கடிக்காது உம்மா" என்றான். அது கடிக்காது என்பது அவன் பிறப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும்.

கல்முனைக்குடியில் என்னோடு வளர்ந்தவர்களே, இப்போது தலை நரைத்து, மூட்டுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருப்பவர்களே, உங்களுக்கு அந்தக் கச்சான் காலம், வெக்கைக் காற்று வீசிய கோடை, நினைவிருக்கும். நம் பள்ளிவாசல் ஹவுளுக்குள், அதுதான் தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழூ செய்கிற அந்தப் பெரிய சீமெந்துத் தொட்டிக்குள், முதலைக் குட்டி ஒன்று செத்துக் கிடந்ததென்று ஊரே அல்லோலகல்லோலப்பட்டதே, அந்தக் காலம். உங்கள் வாப்பாமார் பத்து நாள் தொழுகையைத் திருப்பித் தொழுதார்கள். பாங்கு சொல்கிற மோதினாரை ஊரைவிட்டு அனுப்பினார்கள். அது முதலைக் குட்டியும் இல்லை, செத்திருக்கவும் இல்லை. அதை அங்கே விட்டவள் நான்தான். முப்பது வருடம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உண்மை பேசுங்கள் என்று படிப்பித்த அதே டீச்சர்.

எங்கள் வாப்பாவுக்குக் கடைத்தெருவில் புடவைக் கடை. சரக்கெடுக்க மாதத்துக்கு ஒருமுறை கொழும்புக்குப் போய் வருவார். மற்ற வாப்பாமார் மஸ்கட் இனிப்பும் திராட்சையும் கொண்டு வருவார்கள். எங்கள் வாப்பா ஒருமுறை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கியது ஒரு கண்ணாடி மீன்தொட்டி. உம்மா தலையில் கை வைத்தா. "மீனைச் சட்டியில பாத்திரிக்கன், பெட்டிக்குள்ள வெச்சிப் பாக்கிறதை இப்பதான் காணுறன்" என்றா.

தொட்டிக்குள் நாலைந்து பொன்னிற மீன்கள். அவற்றோடு, கண்ணாடியில் பிடிக்கிற பாசியைத் தின்னுமென்று சொல்லிக் கடைக்காரன் கொடுத்தது இந்தப் புள்ளி மீன். பொன்னிற மீன்கள் நாள் முழுவதும் எங்களுக்கு முன்னால் அழகு காட்டும். புள்ளி மீன் பகலெல்லாம் கல்லுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் யாரும் அதைக் கண்டதில்லை. மஃரிபு தொழுது இருட்டிய பிறகு விளக்கைத் தணித்தால்தான் வெளியே வரும். வாயைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு மேலே ஏறும். அந்த வாய், தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற றப்பர் வளையம்போல இருக்கும். அது போன வழியெல்லாம் கண்ணாடி பளிச்சென்று தெரியும்.

வாப்பாவுக்கு அதன்மேல்தான் பிரியம். கடையைப் பூட்டிவிட்டு வந்து, வெள்ளரிக்காயை மெல்லிய துண்டாக நறுக்கி, கல்லில் கட்டி உள்ளே இறக்குவார். நானும் அவரும் சாய்மனைக் கதிரைக்குக் கீழே உட்கார்ந்து அது தின்பதைப் பார்த்திருப்போம். வாப்பாவோடு நான் அவ்வளவு நெருக்கமாக உட்கார்ந்திருந்தது வேறு எதற்காகவும் இல்லை.

அந்த வருடம் ராத்தாவுக்கு, என் மூத்த சகோதரிக்கு, கலியாணம் பேசி முடிந்தது. மாப்பிள்ளையின் வாப்பா எங்கள் கரையில் கரைவலை முதலாளி. இரண்டு வலை, நாற்பது ஆட்கள். வாப்பாவும் அவரும் பள்ளிவாசலில் தங்கள் தங்கள் குடிக்கு, வம்சத்துக்கு, மரைக்கார்மார். பள்ளிவாசல் நிர்வாகம் மரைக்கார்மார் கையில்தான். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும்: வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை வந்து குடியேறுவார். பெற்றவர்கள் பின்னால் குசினி, அடுப்படிப் பக்கமாக ஒதுங்க வேண்டும். ஆகவே வீடு முழுவதும் ராத்தாவின் வீடாக மாறத் தொடங்கியது. சுவருக்கு இளநீல டிஸ்டெம்பர். முற்றத்துக்குக் கடற்கரை மணல். எங்கள் பாய், தலையணை, என் புத்தகப் பெட்டி எல்லாம் பின்னால் போனது.

சுவருக்கு நிறம் பூசிய வாரம் பொன்னிற மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்து மிதந்தன. பூச்சு மணமோ, கச்சான் வெக்கையோ, தெரியவில்லை. புள்ளி மீன் மட்டும் சாகவில்லை. அது எளிதில் சாகாத சாதி.

"மாப்பிள ஊட்டார் சாமான் பாக்க வாற நேரம், மண்டபத்தில இந்தப் பல்லி ஒட்டிக்கொண்டு இரிக்கப் போகுதா? கொண்டு போய் எங்கயாவது கொட்டிட்டு வா புள்ள" என்றா உம்மா. வாப்பா கொழும்பில் இருந்தார். கழுவிய கண்ணாடித் தொட்டிக்குள் ராத்தாவின் புதுப் பீங்கான் கோப்பைகளை அடுக்கினார்கள். பல வருடத்துக்குப் பிறகு கடல் பொங்கி வந்த அன்று அந்த வீட்டோடு சேர்ந்து அதுவும் போயிற்று.

எங்கே கொட்டுவது? கடலில் விட்டால் உப்பில் செத்துவிடும். தோணா ஓடையில் விட்டால் கொக்குத் தின்னும். நீல வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலுக்குப் போனேன். பத்து வயது எனக்கு. நாங்கள் குர்ஆன் ஓதப் போகிற ஓதப்பள்ளி அங்கேதான், ஹவுளுக்குப் பக்கத்துக் கொட்டிலில். அந்த ஹவுளின் சுவரெல்லாம் பச்சைப் பாசி. மோதினார் மாதத்துக்கு ஒருமுறை தண்ணீரை இறைத்துத் தேங்காய்ப் பொச்சுமட்டையால் தேய்ப்பார். பத்து நாளில் திரும்பவும் வழுக்கும். வயதானவர்கள் படியில் சறுக்கி விழுவது சாதாரணம். மோதினாரும் ஒருமுறை விழுந்து முழங்கை வீங்கியிருந்தார்.

மோதினாருக்குச் சொந்த ஊர் பாலமுனை. மனைவியும் ஒரு சின்னப் பெண்பிள்ளையும் அங்கே. இவர் பள்ளிவாசல் அறையில் தங்கி, இரண்டு கிழமைக்கு ஒருதரம் ஊருக்குப் போய் வருவார். வீடுகள் முறை வைத்து அவருக்குச் சாப்பாடு அனுப்பும். மனிதர் மெல்லிய உடம்பு. குரல் மட்டும் அந்த உடம்புக்குள் எப்படி இருந்ததோ தெரியாது. கரண்ட் இல்லாத நாளில் மைக் இல்லாமல் அவர் சொல்கிற விடியற்காலைச் சுபஹு பாங்கு, தோணி தள்ளுகிறவர்களுக்குக் கடற்கரையில் கேட்கும். பாங்கு கேட்டு உம்மா விம்மியதை நான் பார்த்திருக்கிறேன்.

"என்ன மகள் வாளிக்குள்ள?" என்று வந்து எட்டிப் பார்த்தார்.

"மீன்."

"இது மீனா?"

"ஓம். பாசி திங்கும். எங்கட ஊட்டுத் தொட்டியெல்லாம் இதுதான் துடைக்கிற."

குனிந்து நெடுநேரம் பார்த்தார். "அப்ப எனக்கு உதவிக்கு ஆள் வந்திரிக்கி" என்று சிரித்தார். பிறகு, "ஊட்டுல தெரியுமா?" என்று கேட்டார்.

"ஓம், வாப்பாதான் விடச் சொன்னார்" என்றேன். அது பொய். வாப்பாவின் பெயரைச் சொன்னால் கேள்வி வராது என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஹவுளில் மீன் விடுவது புதிதும் இல்லை. கடிக்கிற நுளம்பின் குஞ்சைத் தின்னட்டும் என்று சின்ன மீன்களை எப்போதும் விட்டு வைப்பார்கள். அவரே வாளியைச் சரித்துப் பிடித்தார். மீன் நழுவி இறங்கி, அடித்தரையில் ஒரு மூலைக்குப் போய் ஒட்டிக்கொண்டது.

ஒரு கிழமைக்குள் படிகள் வெளுத்துவிட்டன. தொழ வந்தவர்கள் காலால் தேய்த்துப் பார்த்தார்கள். "மோதினார் நல்லாத்தான் கை வெச்சிரிக்கார்" என்று மெச்சினார்கள். அவர் தலையைக் குனிந்துகொள்வார். என்னைக் காணும்போது மட்டும், "ஒன்ட ஆள் நல்லா வேல செய்றான்" என்று மெதுவாகச் சொல்லுவார். பள்ளிவாசலில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறதென்ற பெருமையில் நான் நடந்தே போகவில்லை, துள்ளிக்கொண்டுதான் போனேன்.

அந்த வருடக் கச்சான் பொல்லாதது. கிணறுகள் வற்றின. ஹவுளில் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே போய், நிறம் மாறி, இலேசாக மணக்கவும் தொடங்கியது. ஒரு வியாழக்கிழமை காலை, மறுநாள் ஜும்ஆவுக்கு முன் புதுத் தண்ணீர் நிரப்புவதென்று எல்லோரும் சேர்ந்து அதை இறைத்தார்கள். மரைக்கார்மாரும் நின்றார்கள். எங்களுக்கு ஓதப்பள்ளி நேரம்.

அடித்தரையில் ஒட்டிக்கிடந்ததை யாரோ தும்புத்தடிக் கம்பால் நெம்பி வெளியே எடுத்துச் சீமெந்தில் போட்டார். டக் என்று விழுந்தது. செட்டைகளை விறைத்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, மரக்கட்டைபோலக் கிடந்தது. பிள்ளைகள் நாங்கள் ஓடி வந்து சுற்றி நின்றோம்.

மௌலவி வந்து பார்த்தார். "மீன் எண்டா ஒரு பிரச்சினையும் இல்ல. செத்த மீனும் சுத்தம்தான்" என்றார். எல்லோரும் கரைவலை முதலாளியைப் பார்த்தார்கள். மீன் விஷயத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான்.

அவர் குடை நுனியால் அதைப் புரட்டினார். வயிற்றைப் பார்த்தார், வாயைப் பார்த்தார், ஓட்டில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"மௌலவி, இது மீன் இல்ல. நாப்பது வருஷமா வலை இழுக்கிறன். கடல்லயும் பாத்திரிக்கன், ஆத்துவாயிலயும் பாத்திரிக்கன். இப்பிடி ஓடு போத்த மீனை அல்லாஹ் எங்கட பக்கத்தில படைக்கல்ல. முதலைக் குட்டியோ உடும்போ, ஆருக்குத் தெரியும்?"

இன்றைக்கு நினைத்தால், அவர் சொன்னதில் பாதி சரி. எங்கள் பக்கத்தில் படைக்கப்பட்ட மீன் அல்லத்தான் அது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பது அவருக்கு அந்த ஒரே ஒரு நாள்தான் நடந்தது. அந்த நாளை நான் உண்டாக்கிக் கொடுத்தேன்.

"மரைக்கார், நீங்க என்ன சொல்றீங்க? கொழும்புக்குப் போய் வாற ஆள்" என்று மௌலவி எங்கள் வாப்பாவைக் கேட்டார்.

வாப்பா குந்தினார். கடைப் பூட்டின் திறப்பு நுனியால் அதன் முதுகைத் தொட்டார். ஒவ்வொரு நாளும் வெள்ளரிக்காய் நறுக்கிப் போட்ட மனிதர். அந்தப் புள்ளிகளை அவருக்குத் தெரியாதா? நிமிர்ந்தபோது கூட்டத்துக்குள் என் முகத்தில் அவர் கண் ஒரு கணம் நின்றது. பிறகு எழும்பிச் சாரனைத் தட்டிவிட்டுக்கொண்டு, வரப்போகிற சம்பந்தியைப் பார்த்துச் சொன்னார்: "மீனைப் பத்தி உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுது?"

கழுவுற மீனில் நழுவுற மீன் என்பார்களே, அப்படி நழுவினார் எங்கள் வாப்பா. அவரை நான் உயிராக நேசித்தேன். ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லத்தானே வேண்டும்.

மௌலவிக்கு வேறு வழி இருக்கவில்லை. மீன் அல்லாத பிராணி செத்துக் கிடந்து, தண்ணீரும் குறைந்து, மணமும் மாறியிருந்தால் வுழூ கூடாது. தொழுத தொழுகைகளைத் திருப்பித் தொழ வேண்டும். எத்தனை நாள் என்றுதான் கேள்வி. மோதினாரிடம் கேட்டார்கள்.

"பத்து நாள்" என்றார் அவர்.

"தெரிஞ்சி கொண்டா வெச்சிருந்த நீங்க?" கரைவலை முதலாளியின் குரல் உயர்ந்தது. "ஆரு விட்ட?"

நான் கீழே பார்த்தேன். மீனின் கன்னத்தின் ஓரத்தில் ஓட்டுக்குக் கீழே ஒரு சின்ன மடிப்பு. அது மெதுவாகத் திறந்தது, மூடியது. திரும்பவும் திறந்தது. உயிரோடுதான் இருந்தது. உயிரோடு இருந்தால் மீனோ முதலையோ எந்த வழக்கும் இல்லை, எல்லாத் தொழுகையும் சரி. "உயிரோட இரிக்கி" என்று நான் இரண்டு சொல் சொன்னால் போதும். வாய் எடுத்தேன் என்றுதான் இத்தனை காலமும் எனக்கு நானே சொல்லி வருகிறேன். எடுத்தேனா என்பது அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்.

தலை நிமிர்ந்தபோது மோதினார் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் வாப்பாவைப் பார்த்தார். வாப்பா ஹவுளின் அந்தப் பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மூன்று முகத்துக்குள் எல்லாக் கணக்கும் முடிந்துவிட்டது. ஊரில் அடுத்த கிழமை நடக்கப்போகிற கலியாணம் யாருடையதென்று மோதினாருக்கும் தெரியும்.

"நான்தான் விட்ட" என்றார். "பாசி திங்கும் எண்டு. என்ட கையாலதான் விட்ட."

வாளியைச் சரித்துப் பிடித்தவர் அவர்தானே. அந்த மனிதர் அப்போதும் பொய் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தது என்று எவ்வளவோ கேட்டார்கள். அவர் வாய் திறக்கவில்லை. "புள்ளையள், நீங்க போய் ஓதுங்க" என்று எங்களைக் கலைத்துவிட்டார். பிறகு மண்வெட்டியில் அதை அள்ளிக்கொண்டு, புதைக்கிறேன் என்று சொல்லித் தோணாப் பக்கமாக நடந்தார். புதைத்திருக்கமாட்டார் என்று நான் நம்புகிறேன். அவருக்கும் அந்தக் கன்னம் அசைந்தது தெரிந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து உம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். உம்மா பலகாரத்துக்கு மா அரித்துக்கொண்டிருந்தா. அரிதட்டைக் கீழே வைத்துவிட்டு என் வாயை மாவுக் கையால் பொத்தினா.

"கலியாணத்துக்கு எட்டு நாள் இரிக்கி. மாப்பிளட வாப்பா ஊருக்கு முன்னால இது மீன் இல்ல எண்டு சொல்லிட்டார். இப்ப நீ போய், இது மீன்தான், எங்கட ஊட்டு மீன்தான், உசிரோடதான் இருந்த எண்டு சொன்னா அவர்ட மொகம் என்னாகும்? இந்த ஊட்டுப் படி ஏறுவாரா?"

"அப்ப மோதினார்?"

"அவருக்கு இன்னொரு பள்ளி கெடைக்கும். ஒன்ட ராத்தாக்கு இன்னொரு மாப்பிள கெடைக்காது."

உம்மா கெட்ட மனுசி இல்லை. அன்று மோதினாருக்கு எங்கள் வீட்டு முறை. கோழி அறுத்துக் கறி வைத்து, கலியாணத்துக்கென்று வைத்திருந்த நெய்யில் சோறாக்கி அனுப்பினா. பீங்கானை யாரோ கொண்டு வந்து தந்தார்கள். கழுவித் துடைத்து இருந்தது. கறி தின்றாரா, நாய்க்குப் போட்டாரா என்று உம்மா கேட்கவில்லை.

அந்தப் பத்து நாளும் ஊர் எப்படிக் கிடந்தது என்பதை நீங்களே சொல்லுவீர்கள். ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் திருப்பித் தொழுகிற கழாத் தொழுகை. முழங்கால் நோகிற கிழவர்களெல்லாம் சுவரைப் பிடித்து எழும்பினார்கள். எழும்பும்போதெல்லாம் மோதினாரை ஏசினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. அவர் முதலை வளர்த்தார், மந்திரத்துக்கு வைத்திருந்தார் என்றுகூடக் கதை கட்டினார்கள். மரைக்கார்மார் கூடி அவரை அனுப்புவதென்று தீர்மானித்தார்கள். அன்று வாப்பா வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தார். "நல்ல மாதிரித்தான் அனுப்புறம்" என்று உம்மாவிடம் சொன்னது கேட்டது.

அவர் போன அன்று காலை எனக்கு இரண்டு கையிலும் மருதோண்டி. ராத்தாவுக்கு அரைத்ததில் மிச்சம். விரல் ஒவ்வொன்றுக்கும் இலை சுற்றி நூல் கட்டியிருந்தது. கேற்றுக்குப் பின்னால் நின்றேன். தகரப் பெட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டி, உருட்டிக்கொண்டு வந்தார். என்னைக் கண்டு நின்றார்.

"நல்லாச் செவக்கட்டும்" என்றார். "ஓதப்பள்ளிக்கு ஒழுங்காப் போ மகள்."

கேற்றைத் திறக்கக்கூட எனக்குக் கை இல்லை. இருந்திருந்தாலும் திறந்திருக்கமாட்டேன். அழுதேன். கையில் மருதோண்டி எரிகிறதென்று சொல்லிக்கொண்டு அழுதேன்.

கலியாணம் சிறப்பாக நடந்தது. ராத்தாவுக்கு இன்றைக்கு ஏழு பேரப்பிள்ளைகள். மச்சான் தங்கமான மனிதர். கரைவலை முதலாளியும் போய்ச் சேர்ந்துவிட்டார். கடைசிவரை எனக்குப் பெருநாளைக்குச் சட்டைத்துணி அனுப்பிய மனிதரை நான் குறை சொல்ல முடியாது. வாப்பா சாகும்வரை அந்த மீனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மீன் வளர்க்கவும் இல்லை, அவரும் நானும் ஒன்றாகக் கீழே உட்கார்ந்து எதையும் பார்க்கவும் இல்லை.

பாலமுனை என்ன, கப்பல் ஏறிப் போகிற ஊரா? அரை மணித்தியாலப் பஸ். முதலில் சின்னப்பிள்ளை என்றேன். பிறகு பாதை சரியில்லாத யுத்த காலம் என்றேன். பிறகு கலியாணம், பிள்ளை, பாடசாலை, கடல் பொங்கியது, வீடு கட்டியது என்று ஒவ்வொன்றாக வந்தது. காரணத்துக்கு எனக்கு எப்போதும் பஞ்சம் இருந்ததில்லை. வெட்கம்தான் உண்மைக் காரணம். மகன் உரப்பையைக் கொட்டிய அன்றுதான் எனக்கு உறைத்தது, நான் போகாமலே செத்துவிடுவேன் என்று.

மகனையே கூட்டிக்கொண்டு போனேன். மோதினார் மௌத்தாகி அடக்கம் செய்து ஒன்பது வருடம் என்று வழியிலேயே சொன்னார்கள். வீட்டில் மகள் இருந்தாள். முற்றத்தில் செத்தல் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். கல்முனைக்குடியில் இருந்து வந்த டீச்சர் என்று மகன் சொன்னதும் அவள் முகம் மலர்ந்தது.

"வாப்பா பாங்கு சொன்ன ஊர். நீங்க கேட்டிருப்பீங்களே டீச்சர், எப்பிடி இருக்கும்? எனக்கு ஞாபகமில்ல. குரல் போன பொறகுதான் அவர் ஊட்டோட வந்தார்."

"குரல் போன பிறகா?" என்று கேட்டேன்.

அவள் உள்ளே போய் ஒரு பைல் கொண்டு வந்தாள். பிறப்புச் சான்றிதழ்களுக்கு நடுவே ஒரு தாள். பளபளப்பான தாளுக்குள் வைத்துப் பத்திரமாக ஒட்டியிருந்தார்கள். 'அன்னார் நற்குணமுடையவர். குரல் தளர்ந்துவிட்டமையால் கடமையிலிருந்து கௌரவமாக விடுவிக்கப்படுகிறார்.' எங்கள் வாப்பாவின் கையெழுத்து. கடைச் சீட்டில் ஆயிரம் முறை பார்த்த எழுத்து.

நல்ல மாதிரி அனுப்புகிறோம் என்று அவர் சொன்னது இதைத்தான். முதலை வளர்த்த மோதினார் என்று பெயர் வரக்கூடாதென்று, மனம் கேளாமல், தன் புத்திக்கு எட்டிய நன்மையைச் செய்திருக்கிறார். குரல் தளர்ந்த மோதினாரை எந்தப் பள்ளிவாசல் எடுக்கும்? துணி விற்றவருக்கு அது தோன்றவில்லை.

"வேற பள்ளி ஒண்டும் கெடைக்கல்லையா?" என்று கேட்டேன்.

"கடிதத்தைப் பாத்தா ஆரு எடுப்பாங்க? வயல் காவலுக்குப் போனார். குருவி வெரட்டக்கூடக் கத்தமாட்டார் டீச்சர், தகரம்தான் தட்டுவார். இந்தப் பள்ளியில நோன்பு காலத்தில கேட்டுப் பாத்தாங்க, சும்மா ஒரு நாளைக்குச் சொல்லுங்க எண்டு. குரல் இல்ல எண்டு எழுதித் தந்திரிக்காங்க, நான் சொல்லக் கூடாது எண்டுட்டார். எங்களோட கதைக்கிறதும் மெதுவாத்தான்."

நான் சொன்னேன். வாளியில் இருந்து தொடங்கி, மருதோண்டிக் கை வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். நான் சொன்ன பொய்யையும், வாப்பா சொல்லாமல் விட்டதையும் சொன்னேன். என் மகன் தலையைக் குனிந்துகொண்டு இருந்தான். அவள் மிளகாயை ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கம் புரட்டிக்கொண்டிருந்தாள்.

முடிந்த பிறகு கேட்டாள். "அப்ப வாப்பாட குரல்?"

"போகல்ல. போற அண்டைக்குச் சுபஹுக்கும் கடற்கரை வரைக்கும் கேட்டது."

அவள் கைகள் நின்றன.

"ஆடாதோடை இலை கசப்புத் தெரியுந்தானே டீச்சர்" என்றாள். "அவர்ட தொண்டைக்கு எண்டு முதல்ல உம்மா அவிச்சா. உம்மா மௌத்தான பொறகு நான். இருபது வருஷம் ஒவ்வொரு நாளும் விடியக்காலையில அவிச்சுக் குடுத்தன். சீனிகூடக் கேக்கமாட்டார். ஒரு சொட்டு மிச்சம் விடமாட்டார். குடிச்சி முடிச்சிட்டு, இண்டைக்குக் கொஞ்சம் சுகம் மகள் எண்டுவார்." என் முகத்தைப் பார்த்தாள். "ஒண்டும் இல்லாத தொண்டைக்கு என்னத்துக்கு டீச்சர் குடிச்சார்?"

முப்பது வருடம் பிள்ளைகள் கேட்டதற்கெல்லாம் விடை சொன்னவள் நான். இதற்கும் விடை தெரியும். எங்கள் வாப்பா எழுதியது பொய்யாகிவிடக் கூடாது, எங்கள் ராத்தாவின் கலியாணத்தைப் பற்றி யாரும் ஒரு சொல் கேட்டுவிடக் கூடாது என்றுதான் அந்த மனிதர் சாகும்வரை அந்தக் கசப்பைக் குடித்தார். அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.